பள்ளத்துப் பனியில் ஒரு மொபெட் வெளிச்சம்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மார்கழி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. புளியம்பட்டி தாண்டி அன்னூர் வரும் சாலையில் ஓரிடத்தில் மழைத் தண்ணீர் ஓடும் பள்ளம் ஒன்று குறுக்கே போகும். சாலை அங்கே இறங்கி மறுபடி ஏறும். அந்த இறக்கத்தில்தான் நடந்தது.

நான் கோவை கணபதியில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். பம்புக்குப் போகும் உதிரி பாகங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்து வைப்பது என் வேலை. முடி அளவு கோணல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று அங்கே எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அப்பாவும் அம்மாவும் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கிறார்கள். இரண்டு பேருமே வயல் வேலைக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கார் ஓட்டிய முதல் ஆளும் நான்தான். பழைய கார், சாம்பல் நிறம். வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்கு இரண்டு வருடமாகக் கூப்பிட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. நடவு வேலை இருக்கிறது, அக்கா பையனுக்குக் காய்ச்சல், கிளம்பும்போது பூனை வந்தது. உண்மையில் பயம். அந்தத் தடவை எப்படியோ சம்மதிக்க வைத்திருந்தோம். கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்குள் போய்ப் பதிய வேண்டும். இந்த நாளை விட்டால் அம்மா மறுபடி காரில் ஏறவே மாட்டார் என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். அம்மா முன்சீட்டில், அப்பா பின்னால். இருட்டில் நம்பியூர் வழியாக வந்து, புளியம்பட்டியை நெருங்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. எதிரே பைக்கில் வந்த ஒருவர் கையை உயர்த்தி, ஐந்து விரலையும் மூடி மூடித் திறந்து காட்டினார். பகலில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். ‘லைட் எரியுது, அணைங்க’ என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர்கூட நம் பேட்டரிக்காகக் கவலைப்படுகிற ஊர் இது. அடுத்து ஒரு பஸ் கண்டக்டர் படியில் நின்றபடி காட்டினார். அதற்கடுத்து சைக்கிளில் போன ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சிரத்தையாகக் காட்டியது.

“ஊரே சொல்லுது, அணைச்சுப்போடு சாமி. பேட்டரி எறங்கிப்போச்சுன்னா நடுவழியில யாரு தள்றது?” என்றார் அப்பா.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். நான் பத்தாவது படிக்கும்வரை எங்கள் வீட்டில் ஒரே ஒரு பல்புதான். அதை நான் படிக்கிற மூலையில் மாட்டிவிட்டு, மற்றவர்கள் அடுப்பு வெளிச்சத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். வீணாக ஒரு விளக்கு எரிவது அவருக்குச் சோற்றைக் கீழே கொட்டுவது மாதிரி. எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதோடு மூன்று பேர் கை காட்டிய கூச்சம் வேறு. புதிதாகக் கார் ஓட்டுகிறவன் என்று தெரிந்துவிடுமே! அணைத்துவிட்டேன்.

புளியம்பட்டி தாண்டி நாலைந்து கிலோமீட்டர் வந்திருப்போம். அந்த இறக்கத்தில் இறங்கியதும் பனி அப்படியே வந்து மூடிக்கொண்டது. அதுவரை தோட்டத்து வேலி ஓரமாக மெல்லிசாகத்தான் நின்றிருந்தது. இங்கே பால் ஊற்றின மாதிரி இருந்தது. இருட்டு இல்லை, நல்ல வெளிச்சம். ஆனால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வெளிச்சமாக இருந்ததாலோ என்னவோ, விளக்கைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொழுதுதான் விடிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் அப்பாவும் முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் சாவகாசமாகச் சிரித்தார்.

“எனக்கு நெதமும் இப்படித்தான் தெரியுது கண்ணு. நீங்க ரெண்டு பேரும் இன்னிக்குத்தான் பாக்கறீங்க.”

அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரின் மூச்சில் கண்ணாடி உள்பக்கமாக மங்கிக்கொண்டே வந்தது. வைப்பரைப் போட்டேன், உள்ளே இருக்கிற ஈரம் எப்படிப் போகும்? ஓரமாக நிறுத்தலாம் என்றால் ஓரம் எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம்தானே என்று தார் ரோட்டிலேயே நிறுத்தி, அப்பாவின் துண்டை வாங்கித் துடைத்தேன். விளக்கு இல்லை, இண்டிகேட்டர் இல்லை. பனியின் நிறத்திலேயே ஒரு கார், நடு ரோட்டில்.

பின்னால் கிறீச்சென்று பிரேக் சத்தம். அடுத்து ஏதோ உருண்டு விழுகிற சத்தம்.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். காருக்குப் பின்னால் ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது. பெரிய பால் கேன் கவிழ்ந்து, பால் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக் கட்டிய ஒரு அம்மா முழங்கையைப் பிடித்தபடி எழுந்து நின்றார். கார் கண்ணில் பட்ட கடைசி நொடியில் வண்டியை ஒடித்து விழுந்திருக்கிறார்.

“ஏனுங்க, நடு ரோட்டுல வண்டிய நிறுத்திப்போட்டு, ஒரு லைட்டுகூட இல்லாம...”

அவர் அதை முடிக்கவில்லை. சட்டென்று பின்பக்கம் திரும்பினார். எனக்கு அப்போது எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. மேட்டிலிருந்து ஒரு லாரி இறங்கி வந்துகொண்டிருந்தது.

“லைட்டப் போடுங்க! ஓடுங்க!” என்று கத்திவிட்டு, விழுந்து கிடந்த மொபெட்டைத் தூக்கினார். நல்லவேளை, அதன் இன்ஜின் நிற்கவில்லை. வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி, என் காருக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நடு ரோட்டில் தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்ட் போட்டு நின்றார். பழைய மொபெட். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால்தான் லைட் பிரகாசமாக எரியும். ஒரு கையால் முறுக்கியபடி, இன்னொரு கையால் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு நின்றார்.

நான் காரை நோக்கி ஓடினேன். உள்ளே அம்மா பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதை அவிழ்க்கும் இடம் அவருக்குத் தெரியாது. அப்பா பின்சீட்டில் கதவின் கைப்பிடியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார். நான் சுவிட்சைத் திருகுகிறேன், என் விரல் எனக்குக் கட்டுப்படவில்லை. தினம் நூறு தடவை நுணுக்கமாக அளவு பார்க்கிற விரல்கள்! முதலில் வைப்பர்தான் ஓடியது. அப்புறம்தான் விளக்கு.

லாரி பிரேக் பிடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீளமான சத்தம். பிறகு அமைதி. திரும்பிப் பார்த்தால், மொபெட்டின் சின்ன வெளிச்சத்துக்கு எதிரே லாரியின் முகம் பனிக்குள்ளிருந்து முளைத்த மாதிரி நின்றது. நடுவில் நாலடி இருந்தால் அதிகம். அந்த அம்மா நகரவில்லை. ஹாரனிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். தேங்காய் லோடு. கோபத்தில் கத்தினார். ஆனால் மரியாதை மட்டும் குறையவில்லை.

“ஏனுங்கோவ்! ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தீங்களா, எல்லாரும்?”

காரை மண்ணில் இறக்கி, நான்கு இண்டிகேட்டரும் மினுக்க நிறுத்தினேன். அப்பா போய்ப் பால் கேனை நிமிர்த்தினார். கால்வாசி மிஞ்சியிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “எரும நாளைக்கும் கறக்குமுங்க, விடுங்க” என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. முழங்கையில் ரத்தம். அம்மா தட்டுத் தடுமாறி இறங்கி வந்து, சேலைத் தலைப்பால் அதைத் தொட்டுத் தொட்டு ஒற்றினார். கண் தெரியாததால் காயத்துக்குப் பக்கத்தில்தான் ஒற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா, என் அம்மாவின் கையை நகர்த்திச் சரியான இடத்தில் வைத்துக் கொடுத்தார்.

எங்கே போகிறோம் என்று கேட்டார். அம்மா சொன்னார், கண் ஆபரேஷனுக்கு, தனக்குத்தான் பார்வை இல்லை என்று.

“எனக்குக் கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. இருந்தும் உங்க வண்டி தெரியலீங்களே.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, வெறுமனே நடந்ததைச் சொன்னார். ஆனால் எனக்கு உள்ளே போய்த் தைத்தது. விளக்கு என்பது நான் பார்ப்பதற்கு என்றே அதுவரை நினைத்திருந்தேன். எனக்குத் தெரிகிறது, அதனால் வேண்டாம், அவ்வளவுதான் என் கணக்கு. பின்னால் ஓர் ஆள் பால் கேனோடு வருவார், அவருக்கு நான் தெரிய வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

அப்போதுதான் நாங்கள் பயந்தது நடந்தது. அம்மா காரில் ஏற மறுத்துவிட்டார். “சகுனமே சரியில்ல. ஊட்டுக்கே போயர்லாம்.” அப்பா கெஞ்சினார். நான் மணியைப் பார்த்தேன், ஏழு ஆகப் போகிறது. இப்படி ஒரு காரியம் செய்தவன் எந்த முகத்தோடு ‘என்னை நம்பி ஏறும்மா’ என்று சொல்வது?

அந்த அம்மாதான் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்கக்கா, நல்ல சகுனமில்லீங்களா இது? அத்தாம் பெரிய லாரியே நின்னுபோச்சு! போய்ப் பாத்துக்கிட்டு வாங்க. வர்றப்ப இந்த வழிதான வருவீங்க, என்ற மூஞ்சியப் பாத்து, நல்லாருக்குதா இல்லியான்னு சொல்லிப்போட்டுப் போங்க. எங்க ஊட்டுக்காரரு இன்னிவரைக்கும் சொன்னதில்ல.”

அம்மா சிரித்துவிட்டார். “வாரேன் அம்மணி, சொல்றேன்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். லாரி டிரைவரும் அதற்குள் தணிந்திருந்தார். “பிரைட்டுல போடாதீங்க தம்பி, பனி செவுரு மாதிரி நிக்கும். டிம்முல போட்டுக்கிட்டு, எட்ட விட்டு என்ற பின்னாலயே வாங்க” என்று சொல்லி, அன்னூர் வரை எங்களுக்கு முன்னால் மெதுவாகப் போனார். அந்தச் சிவப்பு விளக்குகள் இரண்டையும் பார்த்தபடியே போனேன்.

எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் ஒருவர் அம்மாவின் சேலையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துப் பதறி, விஷயம் கேட்டு, பெயரைப் பதிந்துகொண்டார். அன்றே முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது, மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். அம்மா முதலில் என்னைப் பார்த்து, “என்னடா இவ்வளவு கறுத்துட்ட?” என்றார்.

நான்கு நாள் கணபதியில் என் அறையில் வைத்திருந்துவிட்டு, அதே வழியில் கூட்டிப் போனேன். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தபடியே வந்தார். பள்ளம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் இருந்த பால் சொசைட்டியில் போய் விசாரித்தோம்.

“எப்படி இருப்பாங்க?” என்று கேட்டார் அங்கிருந்தவர்.

சேலைக்கு மேல் சட்டை, தலையில் துண்டு, மொபெட் என்றேன். அவர் சிரித்தார். “இங்க வர்ற முக்காவாசிப் பேரு அப்படித்தானுங்க. மொகம் எப்படி?”

யோசித்துப் பார்த்தேன். கேனின் மூடி உருண்டு போன இடம் ஞாபகம் இருந்தது. என் கார் பம்பரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தது ஞாபகம் இருந்தது. மணி பார்த்தது ஞாபகம் இருந்தது. எங்கள் மூன்று பேர் உயிரையும் காப்பாற்றியவரின் முகம் ஞாபகம் இல்லை. பேரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. அப்பாவைக் கேட்டேன், அவருக்கும் ஞாபகம் இல்லை.

“எனக்குத்தான் பொரை. உங்களுக்கு என்னடா?” என்றார் அம்மா. திட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அவருக்கு அந்தக் குரல் ஞாபகம் இருந்தது. அங்கே பால் ஊற்ற வந்த பெண்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். “இல்ல, இவிய யாருமில்ல” என்று வந்து காரில் ஏறிக்கொண்டார். பிறகும் இரண்டு தடவை போனோம். கிடைக்கவில்லை. ஊர் ஊராகப் பால் எடுத்துப் போகிறவராக இருக்கலாம் என்றார்கள்.

இப்போது காரில் ஏறியதும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, “லைட்டப் போட்டயா?” நட்ட நடுப்பகலில்கூடக் கேட்பார். அம்மா சிரிப்பார். பனியோ மழையோ கொஞ்சம் தெரிந்தாலும் நான் போட்டுவிடுகிறேன். நிறுத்த வேண்டும் என்றால் ரோட்டை விட்டு முழுதாக இறங்கித்தான் நிறுத்துகிறேன். மங்கலான நேரத்தில் விளக்கில்லாமல் எதிரே வருகிற வண்டிகளுக்கு நானும் கை காட்டுகிறேன், சிலர் புரிந்துகொள்கிறார்கள்.

பனி விலகுகிற நேரத்தில் அந்தச் சாலையில் எனக்கும் இன்னும் கை காட்டுகிறார்கள், விரல்களை மூடி மூடித் திறந்து. நான் அணைப்பதில்லை. ஆனால் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்து, கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போகிறேன். அவர்களில் ஒருவர் அந்த மொபெட் அம்மாவாக இருக்கலாம், அவர் முகத்தைப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று அம்மா சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.