இரத்தினம்மா சொன்ன பேர்

யாழ்ப்பாணத்து இணுவில் ஊர் இரத்தினம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் நெஞ்சு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

1985ஆம் ஆண்டு. தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற அவளுடைய ஒரே மகன் பாலேந்திரனைச் சுற்றிவளைப்பில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். கணவர் கால் முறிந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்தார். தனியே பொலிஸ் நிலையத்துக்கு ஓடினாள். “பாலேந்திரன் எண்டு ஒருத்தரும் இங்கை இல்லை” என்றார்கள். மறுநாளும் அதே பதில். அப்படி ‘இல்லை’ என்று சொல்லப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் கடைசிவரை இல்லாமலே போன காலம் அது.

அழுதுகொண்டு பிரசைகள் குழுவிடம் போனாள். காணாமற்போனவர்களைப் பொலிஸார் உண்மையாகத் தேடுகிறார்களா என்று வெளியில் நின்று கண்காணிக்க ஊரவர்களே அமைத்த குழு. அதன் செயலாளர் சோமசேகரம், ஓய்வு பெற்ற தபாலதிபர், அவளையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.

“நாங்கள் பாத்திட்டம் ஐயா, ஆள் இல்லை” என்றார் சார்ஜன்.

“நீங்கள் பாத்ததை நீங்களே சரியெண்டால் போதுமோ? வெளியாள் நாங்களும் பாக்க வேணும்.” சோமசேகரம் திடீரென்று அவள் பக்கம் திரும்பினார். “பிள்ளை, அடையாள அட்டையிலை தகப்பன்ரை பேர்தானே முன்னுக்கு நிக்கும்? உவையள் அந்தப் பேரிலை பதிஞ்சிருக்கலாம். உன்ரை மனிசன்ரை பேரென்ன?”

தாலி ஏறிய நாளிலிருந்து அவள் கணவன் பேரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையுமாம். அவரோ ஆஸ்பத்திரியில்.

“வேல் வைச்சிருக்கிற சாமியின்ரை பேர், ஐயா.”

“கந்தசாமியோ?”

“இல்லை.”

“சண்முகமோ?”

“சாமி அதேதான். பேர் வேறை.”

“அர்ச்சனையெண்டால் கோயிலுக்குப் போங்கோ!” சார்ஜன் நக்கலாகச் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்த எழுந்தார்.

ஒரு பக்கம் தாலி, மறு பக்கம் பிள்ளை. கண்ணை இறுக மூடினாள் அந்தத் தாய்.

“முருகேசு! முருகேசு பாலேந்திரன்! என்ரை பிள்ளை!”

சுவர்கள் அதிர்ந்தன. உள்ளேயிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது: “அம்மா! நான் இங்கை நிக்கிறன்!”

சார்ஜனின் முகம் கறுத்தது. “முருகேசு எண்டொரு ஆள்... இருக்குதுதான்.”

“தேடின வடிவைப் பாத்திட்டம். விடுற வடிவையும் பாத்திட்டுத்தான் போவம்” என்று வாங்கிலில் அமர்ந்தார் சோமசேகரம். பொழுதுபடும் முன் மகன் வெளியே வந்தான்.

ஆஸ்பத்திரியில் முருகேசு கேட்டார்: “என்ன, என்ரை பேரைப் பொலிசிலை போய்க் கத்தினியாமே?”

“ஓம். கத்தினன். நீங்கள் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறியள்தானே!”

அடுத்த கிழமையே அவள் குழுவில் சேர்ந்தாள். தயங்கி நிற்கும் தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்த்திச் சொல்வாள்: “நான் முருகேசுவின்ரை பெண்சாதி. இப்ப நீ சொல்லு பிள்ளை, உன்ரை மனிசன்ரை பேரென்ன?”