நான் இறக்கிவிட்ட பிள்ளை

துஆ கேட்கக் கையைத் தூக்கி, ஒரு சொல்லும் வராமல் கீழே போட்டிருக்கிறீர்களா? நான் மூன்று நாள் அப்படி இருந்தேன். பாங்கு சொல்வது காதில் விழும். பள்ளிவாசலுக்குப் போவேன், வரிசையில் நிற்பேன், குனிவேன், எழுவேன். கையேந்த வேண்டிய நேரத்தில் வாய் அடைத்துப்போகும். இறைவனிடம் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தேன். அப்படிப்பட்ட என் மன்றாட்டையும் அவன் கேட்டான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் காதர் மைதீன். திண்டுக்கல்லில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவன். சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம், ஐப்பசி மாதத்தில் இது நடந்தது. அப்போது பழனி ரோட்டில் இருந்த ஒரு பாலர் பள்ளிக்குத் தினமும் பிள்ளைகளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகள். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பன்னிரண்டு பேரைத் திணித்திருப்பேன். புல்லைப் பரப்பி மேலே சாக்கு விரித்தால் நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள். என்னைக் 'குதிரை மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களில் ஒருத்தி செல்வி. நாலு வயது. பூக்கடை முத்தையா அண்ணனின் ஒரே மகள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள்.

பள்ளிக்கூடம் ரோட்டுக்கு வலது பக்கம். வண்டி போவது இடது பக்கம். வழக்கமாக நான் ரோட்டைக் கடந்து வண்டியை வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. மதுரை ரயிலுக்குப் போக வேண்டிய ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரயில் ஸ்டேஷன் போவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நேரமாகிவிட்டது. வண்டியைக் குறுக்கே திருப்ப, எதிரே வருகிற லாரியும் பஸ்ஸும் போகும்வரை காத்து நிற்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இந்தப் பக்கமே நிறுத்தினேன். நான் கீழேகூட இறங்கவில்லை. லகானைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்துச் சொன்னேன்:

"எல்லாரும் எறங்கிக் கையப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் ஓடிருங்க. ம், சீக்கிரம்!"

ஓடச் சொன்னது நான்தான். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலிருந்து ஓடினார்கள். வண்டி மறைத்ததால் எதிரே வந்த லாரி அவர்களுக்குத் தெரியவில்லை. லாரிக்காரருக்கும் பிள்ளைகள் தெரியவில்லை. பிரேக் கிறீச்சிட்டது. என் குதிரை மிரண்டு இரண்டு எட்டு முன்னால் போனது. அதை இழுத்துப் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, லாரி தட்டியதில் ரோட்டோரக் கல்லில் தலை மோதி செல்வி கிடந்தாள். மற்ற பிள்ளைகள் நடு ரோட்டில் நின்று அலறிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட ஆயா ஓடிவந்து அவர்களைச் சேர்த்துப் பிடித்தார்; லகானை யாரோ ஒருவர் கையில் வாங்கிக்கொண்டார்.

லாரி டிரைவர் ஆறுமுகம் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு மெதுவாகத்தான் வந்தார். அவரே குதித்து இறங்கிப் பிள்ளையைத் தூக்கினார். "ஏறுங்க பாய், ஏறுங்க" என்று என்னையும் லாரியில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். என் மடியில் செல்வியின் தலை. காதோரம் ரத்தம். கூப்பிட்டுப் பார்த்தேன். கண் திறக்கவில்லை.

"தலையில பலமான அடி. மதுரைக்குக் கொண்டுபோகவும் முடியாது, அசைக்கக் கூடாது. ரெண்டு மூணு நாள் போகட்டும், பார்க்கலாம்" என்றார் டாக்டர். காலும் முறிந்திருந்தது.

போலீஸ் வந்தது. ஏட்டையா என்னைக் கேட்டார். அந்த நேரத்தில் என் நாக்கில் வந்தது பொய். "வண்டிய ஸ்கூல் வாசல்லதாங்க நிறுத்துனேன். புள்ளை கைய உதறிட்டு ரோட்டுல ஓடிருச்சு. லாரி கண்மண் தெரியாம வந்துச்சு." அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். என் மடியில் ஒட்டியிருந்த ரத்தம்கூடக் காயவில்லை. பிள்ளையைத் தூக்கி வந்த ஆறுமுகத்தை என் கண்ணெதிரிலேயே கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார்.

புதன்கிழமை விடிந்தது. செல்வி கண் திறக்கவில்லை. முத்தையா அண்ணன் கடையை அடைத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் மகளின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். என்னைக் கண்டதும் முத்தையா அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், நீ மட்டும் சட்டுனு தூக்கிட்டு வரலைன்னா அங்கனயே போயிருக்கும். நீ நல்லாயிருக்கணும்" என்றார். கையை உருவிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி சுலைகா, பிள்ளை நினைப்பில்தான் இப்படி இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டாள். "அல்லாகிட்ட கேளுங்க, அவன் கைவிட மாட்டான்" என்றாள். கேட்கத்தானே பார்க்கிறேன்! தொழுகிற முஸல்லாப் பாயில் உட்கார்ந்தால் கண்முன் வருவது செல்வி முகமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த டிரைவர் திரும்பிப் பார்த்த பார்வைதான் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. கையில் பழனி விபூதிப் பொட்டலம். ஆறுமுகத்தின் மனைவி. பஸ் ஏறி வந்திருக்கிறாள். முதலில் புருஷன் இருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. நேராகப் பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டாள். விபூதியைப் பேச்சியம்மாளிடம் நீட்டினாள். பேச்சியம்மாள் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வாங்கி மகளின் நெற்றியில் பூசினார்.

பிறகு அவள் என்னிடம் வந்தாள். "ஏனுங்க பாய், நீங்கதானுங்க அந்த வண்டிக்காரரு? எங்க ஊட்டுக்காரரு வேகமா ஓட்டவே மாட்டாருங்க. பஸ்ஸுக்காரங்கல்லாம் அவரக் கேலி பண்ணுவாங்க. நீங்க நேர்ல பாத்திருப்பீங்களே... நெசமாவே வேகமாத்தான் வந்தாருங்களா?"

அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சொன்னேன்: "மழையில ஒண்ணும் சரியாத் தெரியலம்மா."

"செரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கிடந்தவள் அவள் பிள்ளை இல்லை. ஆனாலும் கண்ணை மூடி, உதடு அசைய, முருகனிடம் அந்தப் பிள்ளைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளால் கேட்க முடிந்தது. என்னால் முடியவில்லை.

அன்று மாலை, மஃரிபு தொழுகைக்கு முன்னால், சுலைகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை நிறுத்திய இடம், ஓடச் சொன்னது, எழுதிக்கொடுத்தது, அந்தப் பெண்ணிடம் சொன்னது. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுபோனது. முறத்தைக் கீழே வைத்தாள்.

"இம்புட்டையும் நெஞ்சுல வச்சுக்கிட்டு எப்படிங்க சஜ்தாவுல தலைய வைக்கிறீங்க?" என்றாள். பிறகு, "உள்ள வச்சா வைக்கட்டும். நானும் புள்ளைகளும் எங்கம்மா வீட்டுல இருந்துக்கிறோம். நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முத்தையா அண்ணன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அங்கேயே சொல்லிவிட்டேன். "அண்ணே, வண்டிய நான் வாசல்ல நிறுத்தல. எதிர்ப் பக்கமே நிறுத்தி, ஓடச் சொன்னேன். லாரி மேல தப்பு இல்ல. எல்லாம் என்னால வந்தது."

ஈரக் கையோடு என் சட்டையைப் பிடித்தார். அடிக்கத்தான் கையை ஓங்கினார். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது. "உங்கிட்ட நம்பித்தானய்யா விட்டேன்" என்றார். "எங்கண்ணு முன்னால நிக்காத, போயிரு. போய் மொதல்ல அந்த மனுசன விடச் சொல்லு."

போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன். பத்து நிமிஷ நடைதான். உள்ளே போனதும் ஏட்டையா தலை நிமிர்ந்தார்.

"என்னய்யா பாய், இன்னும் என்ன?"

"அன்னிக்கு எழுதிக் குடுத்தது பொய்யிங்க."

அவர் என்ன திட்டினார் என்பதை இங்கே எழுத முடியாது. மறுபடியும் எழுதி வாங்கினார். பதினோரு மணி வாக்கில் ஆறுமுகத்தை வெளியே விட்டார்கள். அதே கதவு வழியாக என்னை உள்ளே விட்டார்கள். இருவரும் எதிரெதிரே வந்தோம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு கேட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஜும்ஆவை விட்டதில்லை. அன்றைக்குக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். காவலிருந்த போலீஸ்காரரிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். அவர் செம்பில் கொண்டுவந்து கம்பி வழியாக ஊற்றினார். முகம் கை கால் கழுவி ஒளு செய்தேன். துண்டை விரித்து, ஜும்ஆவுக்குப் பதிலாக மத்தியானத்து லுஹர் தொழுதேன். தலையைத் தரையில் வைத்ததும் மூன்று நாளாக வராத வார்த்தை வந்தது.

'என் நாயனே, பொய் சொன்னேன். உன் படைப்பில் ஒருவனைச் சிறையில் போட்டேன். அந்தப் பிள்ளையை என்னை நம்பி விட்டார்கள், நான் ரோட்டில் விட்டேன். என்னை நீ என்ன வேண்டுமானாலும் செய். ரப்பே, அவளைத் தாயிடம் திருப்பிக் கொடு. கொடு, நாயனே, கொடு.'

எத்தனை தடவை 'கொடு' என்று சொன்னேனோ, தெரியாது. துண்டு நனைந்துவிட்டது. எழுந்து சுவரில் சாய்ந்தேன். நெஞ்சில் வெளிச்சம் எதுவும் வரவில்லை. பதில் வந்த மாதிரியும் தோன்றவில்லை. பிள்ளை போய்விட்டால் எப்படி உயிரோடு இருப்பது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயும் நேரம் வெளியே பேச்சுக் குரல் கேட்டது. கம்பி அருகே வந்து நின்றது ஆறுமுகம். விடுதலையாகி ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. மனைவியைக் கூப்பிட ஆஸ்பத்திரிக்குப் போனவர் அங்கேயே இருந்திருக்கிறார்.

"பாய், கொழந்தை கண்ணு முழிச்சிருச்சுங்க" என்றார். "ரெண்டு மணி இருக்குமுங்க. அம்மான்னு கூப்பிட்டுச்சு. தண்ணி கேட்டுச்சு. டாக்டரு வந்து பாத்துட்டு இனிப் பயமில்லைன்னு சொல்லிட்டாருங்க. உங்களுக்கு யாரு வந்து சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அதான் வந்தனுங்க."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. "அதெல்லாம் ஒண்ணும் பேச வேண்டாங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரனுங்க" என்று போய்விட்டார்.

என்னை மறுநாள் வெளியே விட்டார்கள். பிறகு வழக்கு நடந்தது. மூன்று மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்று தீர்ப்பு. தோல் பதனிடும் ஷாப்பில் கூலிக்குப் போனேன். ஊரில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதுவும் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று முத்தையா அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இடது காலை இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தாள். இன்றைக்கும் வேகமாக நடந்தால் அது தெரியும்.

"திங்கக்கெழமையிலருந்து புள்ளைய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறியா, பாய்?"

"எங்கிட்டயா அண்ணே?" என்றேன்.

"மத்த வண்டிக்காரங்க ஒரு தப்பு நடந்தா என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. நீ என்ன செய்வேன்னு தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து வண்டியில் ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. பின்னால் குறுக்குக் கம்பி போட்டுப் பூட்டினேன். எவ்வளவு மழையானாலும் வண்டி பள்ளிக்கூட வாசலில்தான் நிற்கும். ஆயா வந்து நின்றபிறகுதான் கம்பியைத் திறப்பேன். ஒவ்வொரு பிள்ளையையும் என் கையால் தூக்கி அவர் கையில் கொடுப்பேன். டீச்சரிடம் போய்ச் சொன்னேன். நடந்து வரும் பிள்ளைகளுக்காக அவர் தினமும் காலையிலும் மாலையிலும் ரோட்டில் வந்து நிற்க ஆரம்பித்தார். "நில்லு, ரெண்டு பக்கமும் பாரு, டீச்சர் சொன்னா நட" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்ற ஜட்காக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களும் வாசலுக்குத் திருப்பித்தான் நிறுத்துகிறார்கள்.

சகோதரர்களே, நான் உண்மை சொன்னதற்குக் கூலியாகப் பிள்ளை பிழைத்தாள் என்று சொல்ல மாட்டேன். இறைவனிடம் பேரம் பேச நாம் யார்? எத்தனையோ நல்லவர்கள் கதறியும் பிள்ளைகள் எழுந்து வராததை நானும் கண்டிருக்கிறேன். அன்றைக்கு அவளுக்காகக் கேட்டவன் நான் ஒருவன் மட்டும் அல்ல. பெற்ற தாய் கேட்டாள். சுவரோரம் உட்கார்ந்து ஒட்டன்சத்திரத்துப் பெண் கேட்டாள். யார் கண்ணீருக்கு இரங்கினான் என்பது அவனுக்குத்தான் தெரியும். இரங்கினான் என்பது எனக்குத் தெரியும்.

உங்களில் யாராவது வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தால், செய்த தப்பு பெரிது, இனி எந்த முகத்தோடு கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். எழுந்து போங்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லுங்கள். பிறகு தலையைத் தரையில் வைத்துக் கேளுங்கள். லாக்கப்பில் கிடந்த ஒரு பொய்யன் கேட்டதையே கேட்டவன், நீங்கள் கேட்பதையும் கேட்பான்.