எல்லா ஊருக்கும் ஒரே காடு

வனத்துறையின் வரைபடப் பிரிவில், வடிவம் மாற்றிய ஒவ்வொரு படத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டு, இரண்டாமவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த இரண்டாமவர் நான்தான். நான் ஓய்வுபெற்ற பின் அந்த இடத்தை நிரப்பவில்லை.

ஜவ்வாது மலை ஊர்களின் செயற்கைக்கோள் படங்களை வேறு கோப்பு வடிவத்துக்கு மாற்ற, ஒப்பந்தத்தில் ஒரு பெண் இருந்தார். ஒல்லியானவர். பதில் சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். ஆர் என்ற கணினி மொழியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் ஒன்றை எழுதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் கோப்பின் பெயர் மாறியது, உள்ளே படம் மாறவில்லை. எல்லா ஊருக்கும் முதல் ஊரின் காடே பதிவானது.

பட்டா கேட்டிருந்த புதூர்நாட்டு விவசாயி ஒருவருக்குத் துணையாக என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். அவர் அந்தப் பெண்ணின் கணினித் திரையில் தேடினார்.

“இன்னாம்மா, என் சாமை நெலம் எங்க? வூட்டயும் காணோம்?”

“படத்துல காடுதாங்க கீது.”

அவர் வெளியே போனதும், பக்கத்து ஊர்ப் படங்களிலும் அதே காடு இருப்பதைப் பார்த்துவிட்டு, “லூப்பில் தப்பு இருக்கிறதே, தெரியுமா?” என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார்.

“மறுநாளே தெரிஞ்சிது சார். சொன்னா என் வேலை பூடும். சொல்லலன்னா அவரு நெலந்தானே போவுது?”

இத்தனை நேர்மையான பதிலை என் பணிக்காலத்தில் எந்தக் கோப்பிலும் படித்ததில்லை. திருத்தம் கேட்டு அன்றே துறைக்கு எழுதினேன். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது, படத்தில் காடு என்பதால் வனத்துறை அந்த விவசாயியின் சாமைப் பயிரைப் பிடுங்கி மரக்கன்று நட்டு முடித்த ஆடிப்பெருக்கு அன்று.