சாயங்காலக் காய்ச்சல்

தங்கச்சிக்குக் காய்ச்சல் தொடங்கி இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு ஒன்பது என்று நாளுக்கு நான்கு முறை தெர்மாமீட்டர் வைத்து நோட்டில் குறித்தேன். காலையில் தொண்ணூற்றெட்டை ஒட்டி நிற்கும். ஐந்து மணிக்கு நூற்றிரண்டைத் தொடும். பிறகு வேர்த்துக் கொட்டிச் சேலை நனைந்துவிடும். நடுவில் நான்கு நாள் இல்லாமல் இருந்து, ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. அந்த நான்கு நாள் நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். குறிக்காமல் இருக்க முடியாது.

"காய்ச்சலுக்கும் அட்டெண்டன்ஸ் போடுதீகளாண்ணே? ஒரு நாள் லீவு போட்டா சம்பளத்துல பிடிச்சிருவீகளோ?" என்பாள். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

அவள் கணவர் இறந்த வருடம்தான் அவளுக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. கோவில்பட்டியில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அந்த நோயை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்த காலம். பெயரைப் பதிந்து, மாத்திரைக்குக் காத்திருந்தபோது இந்தக் காய்ச்சல் குறுக்கே வந்தது. சளியை மூன்று முறை பார்த்தார்கள். எக்ஸ்ரே, மலேரியா, டைபாய்டு எல்லாம் பார்த்தார்கள். ஒன்றிலும் ஒன்றுமில்லை.

இருபத்தாறாம் நாள் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா என் நோட்டை இரண்டு முறை புரட்டினார்.

"இந்த நோய் இருக்கிறவங்களுக்குக் காய்ச்சல் வர நிறைய காரணம் உண்டு ஐயா. முதல்ல டிபியைத்தான் சந்தேகப்படணும். சளியில இல்லைன்னா டிபியே இல்லைன்னு ஆகிடாது. வயித்துல, எலும்புல எங்க வேணாலும் இருக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். காரணம் தெரியலைன்னா டிபி மாத்திரையை ஆரம்பிக்கணும். ஆனா இவங்க ஈரல் ஏற்கெனவே மோசம். டிபி இல்லாம அதைக் கொடுத்துட்டா ஈரல் தாங்குமான்னுதான் பயம். காய்ச்சல் என்னன்னு தெரியாம ஏ.ஆர்.டி.யும் தொடங்க முடியாது."

பிறகு வரிசையாகக் கேட்டார். வெளியூர் போனார்களா, எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள், புறா, பூனை உண்டா. "வீட்ல ஆடு மாடு வளர்க்கிறீங்களா?"

"இல்லை" என்றேன். வீட்டில் வளர்க்கவில்லை, உண்மைதான். தங்கச்சி என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அன்று அவள் எடை முப்பத்தாறு கிலோ.

மறுநாள் விடியற்காலை வழக்கம்போலத் தூக்குச்சட்டியோடு பசுவந்தனை ரோட்டுக்கு நடந்தேன். அங்கே ஒருவரிடம் பதினோரு வெள்ளாடுகள் இருந்தன. இளைத்த உடம்புக்கு ஆட்டுப்பால் நல்லது, அதையும் காய்ச்சாமல் கறந்த சூட்டோடு குடித்தால்தான் சத்து என்று நம்பியவன் நான். தங்கச்சிக்குத் தினமும் கால் லிட்டர். யாருக்கு என்று அவர் கேட்டபோது, எனக்கு வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஆட்டுக்காரர் எழுந்து வரவே நேரமானது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்குப் பால் கம்மிதான் அண்ணாச்சி. ராத்திரி இன்னொண்ணும் குட்டி வீசிருச்சு. இதோட மூணு."

"மூணுமே செத்துப் பிறந்ததா?"

"ஆமா, மாசம் முழுசா ஆகலல்லா. நாந்தான் கையை விட்டு எடுத்தேன். எனக்கும் உடம்பு நல்லால்ல. மூட்டுமூட்டாக் கடுக்குது. காலையில ஒண்ணும் தெரியல, சாயங்காலம் ஆனா காய்ச்சல் வந்துருது. நாலு நாள் விடுது, பொறவு வருது."

சட்டியை அவர் நீட்டினார். நான் வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஓட்டமாக நடந்தேன். வீட்டில் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பால் கொடுக்கத் தொடங்கிய பதினெட்டாம் நாள் காய்ச்சல். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது.

காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. அதுவாக இருந்தால் கொடுத்தவன் நான். அதுவாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். உடனே, அதுவாக இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வருகிறதே என்றும் நினைத்தேன். அவளை எழுப்பி, "கிளம்புட்டி, ஆஸ்பத்திரிக்கு" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் கயத்தாறு தாண்டும் வரை நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா முன்னால்தான் சொன்னேன். காய்ச்சாத பால், வீசிய குட்டிகள், ஆட்டுக்காரரின் காய்ச்சல். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நேத்தே ஏன் சொல்லலை?"

"வீட்ல வளர்க்கிறீங்களான்னுதான் கேட்டீங்க."

அவருக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். ஆட்டுப்பால் வழியாக வந்த காய்ச்சலாக இருக்கலாம் என்று சீட்டில் தனியாகக் குறிப்பிட்டு, லேபுக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார். ஆடுகளுக்குக் குட்டி வீச வைக்கும் அதே கிருமி பால் வழியாக மனிதருக்கும் வரும் என்றும், தேடச் சொன்னால்தான் அதைத் தேடுவார்கள் என்றும் விளக்கினார். தங்கச்சியை வார்டில் சேர்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை டிபி மாத்திரை கொடுக்கவில்லை. சனிக்கிழமை முடிவு வந்தது. அதே கிருமிதான். ஈரலுக்கு அவ்வளவு பாரமில்லாத ஊசியும் மாத்திரையும் இருந்தன. அவற்றைத் தொடங்கிய ஒன்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.

ஆட்டுக்காரரிடம் உடனே சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் காய்ச்சல் எனக்கே வந்ததாகச் சொல்லிவிடுகிறேன் என்று தங்கச்சியிடம் சொன்னேன்.

"வேண்டாம்ணே. அவிய வந்தா என்னை இந்த வார்டுலதான் பார்ப்பாவ. தங்கச்சிக்குன்னே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஏ.ஆர்.டி. தொடங்கிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "நான் இல்லைன்னு சொன்னப்ப நீ ஏன் பேசாம இருந்த? பால் ஞாபகம் வரலியா?"

"வந்துச்சு. அது என்ன பெரிய விஷயம்னு விட்டுட்டேன்."

பிறகு சொன்னாள்: "அந்தப் பால் எனக்குப் புடிக்கவே இல்லண்ணே. ஒரே கவிச்சி. விடிய முன்னால நடந்துபோய் வாங்கிட்டு வாரீகளேன்னு மூக்கைப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சேன்."

நான் மாத்திரைச் சீட்டைப் பார்த்து வேளைகளை நோட்டில் குறித்தேன்.

"இனிமே புடிக்கலைன்னா சொல்லிருவேன்" என்றாள்.