கரையான்சாவடியிலிருந்து அம்பத்தூருக்கு ஓர் இண்டர்வியூ பயணம்

பதினொரு கிலோமீட்டர் போனதையெல்லாம் பயணம் என்று எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வருடத்தில் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் தவிர நான் எங்கும் போனதில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டேன். சென்ற மாதம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது.

பழைய அலுவலகத் தோழி ரம்யா போனில் சொன்னாள்: "ரெஸ்யூமேல அந்த மூணு வருஷ இடைவெளியை அப்படியே காட்டாத ஸ்டெல்லா. ஃப்ரீலான்ஸ் பண்ணேன்னு போட்டுடு." எனக்கு மனசு வரவில்லை.

எட்டு மணிக்குக் கிளம்பினேன். திருவேற்காடு வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அங்கிருந்து தனி ஆட்டோ, இருநூறு. அயனம்பாக்கம் தாண்டியதும் குழாய் பதிக்கத் தோண்டிய சாலையில் ஒரு லாரி குறுக்கே நின்றது. நான் போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னாமா, இண்டர்வியூவா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆமாண்ணா. ஒன்பதரைக்கு."

"டென்ஷன் ஆவாத, குந்து." இறங்கிப் போய் லாரி டிரைவரிடம், "அண்ணாத்தே, வேலைக்குப் போற பொண்ணு வண்டில கீது. கொஞ்சம் பின்னால எடேன்" என்றார். லாரி முனகிக்கொண்டே பின்னால் போனது. ஒன்பதே காலுக்கு கேட்டில் இறங்கினேன்.

முதல் சுற்று சுலபம். இரண்டாவதில் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள்; மாட்டிக்கொண்டேன். கேள்வி கேட்ட பையனுக்கு என்னைவிட எட்டு வயதாவது குறைவு. "யோசிங்க மேம், அவசரமில்ல" என்றான். புரோகிராம் வேகமாக ஓடும் வழி பிடிபடவில்லை. மெதுவான வழியை எழுதி, அது எங்கே சுணங்கும் என்று விளக்கினேன். பேசப் பேசப் பாதி வழி திறந்தது. மீதி கடைசிவரை வரவில்லை; தெரியவில்லை என்றே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது சுற்றில் மேனேஜர். கேட்டே விட்டார்.

"இந்த மூணு வருஷம் என்ன பண்ணீங்க?"

"அம்மாவுக்கு ஸ்ட்ரோக் சார். நான்தான் பாத்துக்கிட்டேன். அவங்க தூங்குற நேரத்துல படிச்சேன். வேலைன்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் பண்ணல."

"இப்ப எப்படி இருக்காங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் தயாராகவே இல்லை. "நடக்கிறாங்க சார். பேச்சுதான் சிரமம்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து அழைப்பு வந்தது. வேலை உண்டு, ஆனால் முன்பு நான் இருந்ததற்கு ஒரு படி கீழே. வலித்தது. மறுநாள் நானே கூப்பிட்டு, ஆறு மாதத்தில் என் வேலையைப் பார்த்துப் பதவியை மறுபடி முடிவு செய்ய முடியுமா என்று கேட்டேன். மேனேஜரிடம் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டு மெயில் அனுப்பினார்கள். சேர முடிவு செய்தேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: அயனம்பாக்கம் வழி குறுக்கு என்றாலும் சாலை மோசம், அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டை இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். சுற்றுகள் மதியம் இரண்டு மணி வரை இழுக்கும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் எனக்கு வேலை போய்விடவில்லை.

திங்கட்கிழமை சேர்கிறேன். பகலில் அம்மாவுடன் இருக்க மேரியக்கா வருகிறார். நேற்று அவர் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது அம்மா என்னைக் கைகாட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "என் பொண்ணு... கம்ப்யூட்டர்... இன்ஜினியர்" என்றார். படுத்ததிலிருந்து அம்மா முழுதாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது.