கஞ்சி போட்டு நிறுத்திய வேட்டி

சான் ஹோசேயிலிருந்து செய்தி வந்தபோது நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மருமகள் போனைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்று, "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள். பாலைப் பொங்க விடாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் அவளிடம் போனேன்.

இங்கே வெஸ்ட் வின்ட்சரில் வியாழன்தோறும் கூடும் நம் பெரியவர்கள் எல்லோருக்கும் சரோஜாவைத் தெரியும். என் மகனுக்கு மாமியார். பொள்ளாச்சிக்காரி, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவள். ஆறு மாதம் இங்கே மகள் வீடு, ஆறு மாதம் சான் ஹோசேயில் மகன் வீடு. வந்தால் உங்களையெல்லாம் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். நடந்ததை எழுதுகிறேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

கைவேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஹாலோவீன் பேய்ப் பண்டிகைக்கு வாசலில் நிறுத்தப் பேத்தி ஒரு பேய் வேண்டும் என்றாள். கடையில் வாங்க வேண்டாம், அம்மாயி செய்து தருகிறேன் என்றாள் சரோஜா. தோட்டத்துத் தக்காளிச் செடிக்கு வைத்திருந்த கம்பிக் கூண்டைக் கவிழ்த்து நிறுத்தினாள். தலைக்குப் பந்து, கைக்கு டிரை கிளீனர் கொடுத்த இரண்டு ஹேங்கர். பச்சரிசிக் கஞ்சியில் ஒரு பிடி மைதா கரைத்துக் காய்ச்சி, வெள்ளைத் துணியை முக்கி, கூண்டின் மேல் போட்டு மடிப்பு மடிப்பாக இழுத்துவிட்டாள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் கூண்டையும் பந்தையும் ஹேங்கரையும் உருவிவிட்டாள். உள்ளே ஒன்றுமே இல்லை. துணி மட்டும் கையை நீட்டிக்கொண்டு ஆள் போல நின்றது.

அந்த இரண்டு நாளும் நான் பக்கத்து ஊர் எடிசனில் தங்கை மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்து காரை விட்டு இறங்கினால், புல்வெளியில் அது நிற்கிறது. கீழே பச்சைக் கரை. கரையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அமெரிக்கா வரும்போது கட்டிக்கொள்வதற்கென்று கரூரில் வாங்கிய எட்டு முழ வேட்டி அது. இரண்டு முறை விசா கேட்டுப் போனார், இரண்டு முறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மகன் வீட்டைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். மடிப்புக் கலையாத வேட்டியை நான்தான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

"இதை ஆரு எடுத்துக் குடுத்தது?" என்றேன்.

"நானேதானுங்க எடுத்தேன் சம்பந்தியம்மா. பெட்ஷீட்டுல செஞ்சு பார்த்தேன், தொங்கிப்போச்சு. இதுதான் கஞ்சியை நல்லாக் குடிச்சு நிக்குது."

"அவரோட வேட்டின்னு தெரியாதா?"

"தெரியாம என்னுங்க? விசாதான் கெடைக்கல. இப்படியாச்சும் வந்து நிக்கட்டும்ங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததைக்கூட விட்டுவிடுவேன். பக்கத்தில் நின்ற என் மகனும் சிரித்தான். தகப்பன் வேட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டியிருக்கிறது, அதைப் பார்த்துச் சிரித்தான். "போட்டும் விடும்மா, அப்பா இருந்தா அவரே சிரிச்சிருப்பாரு" என்று எனக்குச் சமாதானம் வேறு. பேத்தி "இட்ஸ் ஸோ ஸ்கேரி!" என்று குதித்தாள். இருட்டுவதற்கு முன்பே தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. தப்பு பண்ணிட்டேன் என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. வேட்டியை அலசி, இரண்டு ஓட்டையையும் தையல் கண்ணுக்குத் தெரியாமல் இழை இழையாக அடைத்து, இஸ்திரி போட்டு என் கட்டில்மேல் வைத்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அவள் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். அவள் கை பட்டு அடைத்த துணி எனக்கு எதற்கு? குப்பை வண்டி வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை இரண்டு பேரும் ஜன்னலருகே நின்று பார்த்தோம்.

"உங்க வீம்புக்குக் கோயில் கட்டோணுமுங்க" என்றாள். "சிரிக்காத ஊட்டுல பேய்கூடக் குடியிருக்காது."

அதற்குப் பிறகு நாலு வருஷம், அவள் இங்கே இருந்த மாதமெல்லாம் ஒரே சமையலறையில் பேசாமல் இருந்தோம். ரசத்தில் உப்புக் குறைந்தால் பேத்தியிடம் சொல்லி அனுப்புவேன். "அம்மாயி, அப்பத்தா ஸேஸ் நோ சால்ட்" என்று அவள் போய்ச் சொல்வாள். மறுநாள் ரசம் உப்புக் கரிக்கும்.

போன மாதம் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், சரோஜாவே என் போனுக்குக் கூப்பிட்டாள். சான் ஹோசேயில் நோவாய்ப் படுத்திருந்தவள், மகளை வரவழைத்து எதிரே உட்கார வைத்துப் பார்த்து, இரண்டு நாள் முன்புதான் இங்கே திருப்பி அனுப்பியிருந்தாள். இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

"இன்னும் அந்த வேட்டிதானுங்களா சம்பந்தியம்மா?"

"வேட்டிதான்."

"நான் மன்னிப்புக் கேட்டா மனசு ஆறுங்களா?"

"கேட்டுப் பாருங்க."

"கேக்க மாட்டனுங்க" என்றாள். "அது எத்தனை நல்லா நின்னுச்சு!"

நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் பால் காய்ச்சும்போது அந்தச் செய்தி வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா கடைசியா உங்ககிட்டத்தான் பேசினாங்களாம், அண்ணன் சொன்னான். என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா அத்தை?"

"இல்லை" என்றேன்.

"ஒண்ணுமேவா? வேற என்ன பேசினாங்க?"

"வேட்டி நல்லா நின்னுச்சுன்னாங்க."

அவள் அழுதாள். மகன் என்னை முறைத்தான். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டான். செத்தவள் சொல்லாததை அவள் வாயில் வைக்க நான் யார்?

உங்களிடம் அவள் சொன்ன வேடிக்கைகள் இருக்கும், அவள் போட்ட கோலத்தின் போட்டோ இருக்கும். என்னிடம் இருப்பது அந்தக் 'கேக்க மாட்டனுங்க' மட்டும். போகிற நேரத்தில் அவள் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டிருந்தால், நானும் ஊருக்காகச் சரி என்று சொல்லித் தொலைத்திருப்பேன். இரண்டும் பொய்யாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.