குறுக்கே ஒரு கால்: வேலம்பாளையம் டு கோயம்புத்தூர், தனியாக

போன வியாழக்கிழமை கோயம்புத்தூர் போய்வந்தேன். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிப்பவர்கள் வேறு பதிவுக்குப் போகலாம். எனக்குப் பார்க்கின்சன். பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்து நாடு நாடாகச் சுற்றியவனுக்கு, இப்போது மளிகைக் கடைக்குப் போய்வருவதே பெரும்பாடு. மனைவி சரசு இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. வேலம்பாளையம் வீட்டில் நான் மட்டும்.

ஓசூரில் இருக்கும் மகள் நித்யா கறாராகச் சொல்லிவிட்டாள். "ஆஸ்பத்திரிக்கு ஒருவாட்டி தனியாப் போய்ட்டு வந்து காட்டுங்கப்பா. முடிஞ்சா அங்கயே இருங்க. முடியலீன்னா ஊட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்க." சரசு புழங்கிய வீட்டை விட்டு எங்கும் போவதாக இல்லை நான். பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

காலை ஏழரைக்கு டவுன் பஸ். கம்பெனிக்குப் போகிற கூட்டம். படிக்கட்டுக்கு ஒரு முழம் முன்னால் என் கால்கள் நின்றுவிட்டன. இந்த நோய்க்காரர்களுக்குத் தெரியும், பாதத்தைத் தரையோடு சேர்த்து ஓவர்லாக் தையல் அடித்த மாதிரி இருக்கும். உடம்பு முன்னால் போகும், கால் வராது.

"ஏனுங்க, காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டீங்களா?" என்றார் கண்டக்டர். குடிகாரனைத் திட்டும்போதும் 'ங்க' போடுகிற ஊர் எங்களுடையது! பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தால் விழுந்துவிடுவேன். "இழுக்காதீங்கம்மா. உங்க காலை என் காலுக்கு முன்னாடி குறுக்கே வைங்க, தாண்டிருவேன்" என்றேன். அவள் பதறிப்போனாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"ஐயையோ, வயசுல பெரியவங்க என் காலைத் தாண்டுறதா? பாவம்லா எனக்கு!"

நல்ல மனசுதான், என்ன செய்வது. நித்யாவும் ஒருமுறை இதையேதான் சொல்லி, மாட்டேன் என்று அழுதாள். சரசு மட்டும்தான் காலை வைப்பாள். "ஊர்ல எவளாச்சும் புருஷனுக்குக் குறுக்கால காலை விட்டிருக்காளா?" என்று சிரித்துக்கொண்டே வைப்பாள். கடைசியில் அந்தப் பெண் தன் மடக்குக் குடையைத் தரையில் குறுக்கே வைத்தாள். தாண்டினேன், ஏறிவிட்டேன். அதன்பின் கண்டக்டர் என் முகத்தையே பார்க்கவில்லை, ஆனால் ஒருவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.

பழைய பஸ் ஸ்டாண்டில் கோவை பஸ் ஏறினேன். சுமார் ஐம்பது கிலோமீட்டர், அவிநாசி வழியாக ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய்.

டாக்டரிடம் ஒரே கேள்வி: எனக்கு ஏன் வந்தது? படம் வரைந்து காட்டினார். நடு மூளையில் கறுப்பாக ஒரு சின்ன இடம். அங்குள்ள செல்கள்தான் டோபமைன் சுரந்து, அசைவைச் சீராக நடத்துகின்றன. செல்லுக்குள் ஒரு புரதம் ஒழுங்காக மடங்காமல் கட்டிகட்டியாகச் சேர்கிறது, செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை நடுங்கத் தொடங்குகிற அன்றைக்கே அதில் பெரும் பங்கு போயிருக்குமாம். மூக்கு இன்னும் முன்னாலேயே போய்விடுமாம். சாம்பார் அடிபிடித்த வாசனை தெரியவில்லை என்று சரசு என்னைக் கேலி செய்தது ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால்! அப்போதே ஆரம்பித்திருக்கிறது போல.

"சின்ன வயசில் பொங்கலூர் தோட்டத்தில் பருத்திக்கு வெறுங்கையோடு மருந்தடித்தேனே, அதனாலா?" என்றேன். பூச்சிமருந்து வாய்ப்பைக் கூட்டும், வயசும் மரபணுவும் சேரும், ஆனால் உங்களுக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். மகளுக்கு வருமா என்றேன். சில குடும்பங்களில் தொடரும், பெரும்பாலும் இல்லை என்றார். மகள் விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி. ஆனால் திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லையே என்று எரிச்சலாக வந்தது. ஆட்டோவில் வாய்விட்டுப் புலம்பினேன், டிரைவர் போன் பேசுவதாக நினைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்காதீர்கள், பருப்பும் முட்டையும் அதன் வேலையைக் கெடுக்கும், உங்கள் டாக்டரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கைத்தடி வைத்திருங்கள். கால் நின்றால் அதைக் குறுக்கே போட்டுத் தாண்டலாம். கண் எதிரே ஒரு கோடு இருந்தால், மூளை பழுதான வழியை விட்டுவிட்டு வேறு வழியில் காலைத் தூக்குமாம். எதுவும் இல்லையென்றால் வாய்திறந்து கேளுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் திரும்பி வந்தது எப்படி என்று சொல்லவில்லையே.

சாயங்காலம் ஆறுக்கு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்தேன், நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. நான் பார்த்துத் தாண்டுவதற்காக நித்யா ஒட்டிவைத்த மஞ்சள் டேப் எப்போதோ பிய்ந்துபோயிருந்தது. கைத்தடி அப்போது என்னிடம் இல்லை. குனிந்தால் விழுவேன். பக்கத்து வீட்டில் எல்லோரும் கம்பெனியில். இருட்டிய வீட்டை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது.

"வந்துட்டீங்களாப்பா?"

"வந்துட்டேன் கண்ணு. வாசல்லதான் நிக்கறேன்."

"கால் நின்னுருச்சுங்களா?"

ம் என்றேன்.

"அப்பா, கீழ பாருங்க. நான் என் காலைக் குறுக்க வெச்சுட்டேன். தாண்டுங்க." அவள் குரல் உடைந்தது. "வெச்சுட்டேன்ப்பா, தாண்டுங்க."

கீழே பார்த்தேன். தாண்டினேன்.

உள்ளே போய் லைட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. ஓசூர் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நான்தான் எடுத்தேன்.